மழைச் சத்தம் கேட்டால் உடம்பு விறைக்கிறது: உடலையும் சேர்த்துச் செய்யும் உளச்சிகிச்சை பற்றி ஒரு கேள்வி

கேட்டவர்: ஆற்றங்கரைத் தையல்காரி

அனைவருக்கும் வணக்கம். திருவைகுண்டத்துக்குக் கிழக்கே, தாமிரபரணியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஓர் ஊரில் வசிக்கிறேன். வயது 43. வீட்டுத் தார்சாவில் தையல் எந்திரம் போட்டுத் தொழில் செய்து வருகிறேன். 2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள். வாசலில் கோலம் போட முடியாதபடி பெய்யத் தொடங்கிய மழை அன்றிரவு ஆற்றையே ஊருக்குள் கொண்டுவந்துவிட்டது. நானும் எழுபதைக் கடந்த என் அம்மாவும் தட்டட்டிக்கு, அதாவது மொட்டை மாடிக்கு ஏறி, ஒரு தார்ப்பாயின் கீழ் இரண்டு இரவும் ஒரு பகலும் உட்கார்ந்திருந்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததென்று பிறகு செய்தியில் படித்தேன். அந்த எண்ணை விட எனக்கு நினைவில் நிற்பது பக்கத்து வீட்டுத் தொழுவத்தில் கட்டிக் கிடந்த ஆடுகளின் கத்தல்தான். இருட்டில் இறங்கிக் கயிற்றை அவிழ்க்க யாராலும் முடியவில்லை. நடுச்சாமத்துக்குப் பிறகு அந்தக் கத்தல் நின்றுவிட்டது.

இதை இப்போது எழுதும்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். வந்து கேட்ட உறவினர்களிடமும் கணக்கெடுக்க வந்த அலுவலர்களிடமும் இந்தக் கதையை நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். ஒரு தடவையும் அழுததில்லை. ஆனால் தகரக் கூரையில் பத்துத் துளி விழுந்தால் போதும், விரல்கள் குளிர்ந்துவிடுகின்றன, தாடை இறுகிக்கொள்கிறது, மூச்சு தொண்டையோடு நின்றுவிடுகிறது, எந்திரத்தின் மிதிபலகையில் வைத்த கால் அசைய மறுக்கிறது. ஐப்பசி பிறந்துவிட்டால் வாரத்துக்கு நான்கு நாள் வேலை ஓடுவதில்லை. இருதயம், தைராய்டு என்று எல்லாச் சோதனையும் எடுத்தாயிற்று; எல்லாம் சரியாகவே இருக்கிறது. முதலில் பார்த்த மருத்துவர் தைரியமாக இருக்கச் சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்தவர்தான் பாளையங்கோட்டையில் ஓர் உளவியல் நிபுணரிடம் அனுப்பினார்.

அந்த அம்மா இரண்டு அமர்வுகளிலும் வெள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாதத்தைத் தரையில் அழுத்தச் சொன்னார், அறையில் இருக்கும் நீல நிறப் பொருள்களைத் தேடச் சொன்னார், எங்கே இறுக்கம் தெரிகிறது என்று கேட்டார். இன்னும் சில அமர்வுகளுக்குப் பிறகு கண்களை இடவலமாக அசைத்தபடி அந்த இரவை நினைத்துப் பார்க்கும் சிகிச்சையைத் தொடங்கலாம் என்கிறார். ‘காசு கொடுத்து மூச்சு விடப் படிக்கிறாயா’ என்று என் அண்ணன் கேலி செய்கிறார். மந்திரிக்கிறவர் வேப்பிலையால் செய்வதை இவர் விரலால் செய்கிறாரோ என்று எனக்கும் ஒரு நொடி தோன்றியது. இது நம்பத்தக்க சிகிச்சையா? நின்றுபோன கத்தலை நான் மறுபடி கேட்டாக வேண்டுமா? மாத்திரையை என்ன செய்வது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: நாங்குநேரி லாரிக்காரன்

அக்கா, உங்கள் அண்ணன் கேட்டதையே என் மச்சானும் கேட்டான்.

நான்குவழிச் சாலையில் வள்ளியூருக்கு இந்தப் பக்கம், அதிகாலை மூன்று மணிக்கு, நின்றிருந்த வண்டியின் மீது என் லாரி மோதியது. எனக்கு இடது கை மட்டும் முறிந்தது. கிளீனராக வந்த பையன் என் பக்கத்திலேயே இறந்தான். எலும்பு கூடி எட்டு மாதம் ஆன பிறகும் டீசல் வாடையோடு இரும்பு உரசும் ஓசை சேர்ந்து வந்தால் வயிறு சுருண்டு வாந்தி வரும். வண்டி ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு அந்த இரண்டும் இல்லாத இடம் ஏது?

எனக்கு நீங்கள் சொல்லும் அதே கண்ணசைவுச் சிகிச்சையைத்தான் செய்தார்கள். மொத்தம் ஒன்பது அமர்வு. முதல் தடவை அவர் விரலை என் கண்ணால் தொடரச் சொன்னபோது சிரிப்புத்தான் வந்தது. நாலாவது தடவை விரல் போய்வரும்போதே முறிந்த கையில் ஒரு சூடு ஏறியது. அதைச் சொன்னேன். ‘அதையே கவனியுங்கள்’ என்றார், அவ்வளவுதான். அடுத்த சுற்றில், மோதுவதற்கு ஒரு கணம் முன்னால் நான் இடது கையைக் குறுக்கே நீட்டி அந்தப் பையனைத் தடுக்கப் பார்த்தது ஞாபகத்துக்கு வந்தது. அத்தனை மாதமும் நான் ஒன்றுமே செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். கை முறிந்ததே அதனால்தானோ என்னவோ. அந்த அறையில் அரை மணி நேரம் அழுதேன்.

முழுக்கக் குணமாகிவிட்டதென்று சொல்ல மாட்டேன். இப்போதும் அந்த இடத்தைக் கடக்கையில் கை ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்கிறது. முன்பெல்லாம் வண்டியை ஓரங்கட்டியாக வேண்டும். இப்போது ஒரு கிலோமீட்டருக்குள் தானாகத் தளர்ந்துவிடுகிறது. ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்: சில அமர்வுகளுக்குப் பிறகு இரண்டு மூன்று இரவு கனவு மோசமாக இருக்கும், உடம்பு அடித்துப்போட்டது போல இருக்கும். அன்று பேருந்தில் தனியாகத் திரும்பாதீர்கள். யாரையாவது கூட அழைத்துப் போங்கள்.

பதில் 2: பாளையங்கோட்டை உளவியல் பணியாளர்

சகோதரி, நான் இந்தத் துறையில் இருப்பவள். உங்களை நேரில் பார்க்காமல் நோயின் பெயர் சொல்வது முறையாகாது. நீங்கள் கேட்டவற்றுக்குப் பொதுவான விளக்கம் தருகிறேன்.

கதையைச் சொல்லும்போது ஒன்றும் ஆகவில்லை, பத்துத் துளிக்கு உடம்பு விறைக்கிறது என்று நீங்கள் எழுதியதுதான் இந்தச் சிகிச்சை முழுவதற்கும் அடிப்படை. ஆபத்து வரும்போது மூளையின் உட்புறத்தில் பாதாம் பருப்பளவில் இருக்கும் அமிக்டலா, யோசனை என்ற ஒன்று நடப்பதற்கு முன்பே உடலுக்கு எச்சரிக்கை அனுப்பிவிடுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இருதயம் விரைகிறது, ரத்தம் விரல்களிலிருந்து பெரிய தசைகளுக்குப் போகிறது. உங்கள் விரல்கள் குளிர்வது இதனால்தான். இந்த ஏற்பாடெல்லாம் எதிர்த்து நிற்பதற்கு அல்லது ஓடுவதற்கு. தட்டட்டியில் இருந்த உங்களுக்கு இரண்டுக்குமே வழியில்லை. வழியில்லாதபோது உடல் தேர்ந்துகொள்ளும் மூன்றாவது நிலை விறைத்துப்போவது. பாம்பிடம் அகப்பட்ட தவளையிடம் நாம் பார்ப்பதும் அதுதான். அதைக் கோழைத்தனமாக எண்ண வேண்டியதில்லை. அந்த நேரத்தில், ஒரு நினைவுக்கு ‘இது நடந்தது இந்த நாள், இந்த இடம், இது முடிந்துவிட்டது’ என்று முத்திரை குத்தும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சரியாக வேலை செய்வதில்லை என்று விளக்குகிறார்கள். அதனால் ஓசை ஒரு துண்டாகவும், வாடை ஒரு துண்டாகவும், தாடையின் இறுக்கம் ஒரு துண்டாகவும் தேதியில்லாமல் தங்கிவிடுகின்றன. நீங்கள் வாயால் சொல்லும் கதைக்குத் தேதி இருக்கிறது. தகரத்தில் விழும் துளிக்குத் தேதி கிடையாது.

இப்போது உங்கள் நிபுணர் ஏன் வெள்ளத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்பது. இந்தச் சிகிச்சையை முதலில் நிலைப்படுத்துதல், பிறகு நினைவைக் கையாளுதல், அதன்பின் அன்றாட வாழ்வோடு சேர்த்துக்கொள்ளுதல் என்ற வரிசையில் செய்வது நெடுநாள் வழக்கம். பியர் ஜானே என்ற பிரெஞ்சு மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஏறத்தாழ இந்த வரிசையைத்தான் பின்பற்றினார். பாதத்தை அழுத்துவதும் நீல நிறத்தைத் தேடுவதும் முதற்கட்டம். வண்டியை வேகமாக ஓட்டக் கற்றுக்கொடுப்பதற்கு முன் பிரேக் எங்கே இருக்கிறதென்று காட்டுவது போன்றது அது. மூச்சை இழுப்பதை விட வெளிவிடுவதை நீட்டினால் மூளையிலிருந்து இருதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பின் வழியாகத் துடிப்பு சற்றுத் தணிகிறது. அதனால்தான் மூச்சுப் பயிற்சி. ஆனால் மூச்சைக் கவனித்தாலே பதற்றம் கூடுகிறவர்களும் உண்டு. நீங்கள் மூச்சு தொண்டையில் நிற்பதாகச் சொல்வதால், கண்ணையும் காலையும் முதலில் பயன்படுத்தியது நல்ல முடிவென்றே எனக்குப் படுகிறது. பதற்றம் வந்தால் முகத்தில் குளிர்ந்த நீரை அடித்துக்கொள்ளச் சொல்லும் காணொளிகள் நிறைய உலவுகின்றன. வெள்ளத்தில் அகப்பட்ட ஒருவருக்கு அந்த யோசனையை நான் சொல்ல மாட்டேன்.

கண்ணசைவுச் சிகிச்சைக்கு இ.எம்.டி.ஆர். என்று பெயர். அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷாப்பிரோ 1987-இல் கண்டறிந்து 1989-இல் முதல் ஆய்வை வெளியிட்டார். எட்டுக் கட்டங்கள் கொண்டது. ஓர் அமர்வு 60 முதல் 90 நிமிடம் வரை நடக்கும். அந்த இரவின் மிகக் கடினமான ஒரு காட்சி, அதோடு ஒட்டிக்கொண்ட உங்களைப் பற்றிய ஒரு நம்பிக்கை, உடம்பில் அது தெரியும் இடம், பூச்சியத்திலிருந்து பத்துக்குள் அதன் கடுமை ஆகிய நான்கையும் முதலில் குறித்துக்கொள்வார்கள். நான் ஊகித்துச் சொல்கிறேன், தவறானால் பொறுத்துக்கொள்ளுங்கள்: உங்கள் விஷயத்தில் அந்த நம்பிக்கை தண்ணீரைப் பற்றியதாக இல்லாமல் அவிழ்க்க முடியாமல் போன கயிற்றைப் பற்றியதாக இருக்கலாம். பிறகு 20, 30 விநாடிகள் கண்கள் விரலைத் தொடரும். நிறுத்தி, ‘இப்போது என்ன வந்தது’ என்று மட்டும் கேட்பார்கள். வந்தது ஒரு படமாகவோ, தோளில் ஒரு வலியாகவோ, வேறு ஏதோ ஒரு பழைய நினைவாகவோ இருக்கலாம். அதிலிருந்து அடுத்த சுற்று தொடங்கும். முழுக் கதையையும் ஒப்பிக்க வேண்டிய தேவையில்லை; கத்தலைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லாமலே அதைக் கையாள முடியும். எந்த நொடியிலும் கையைத் தூக்கினால் நிறுத்தியாக வேண்டும். ஒரே நிகழ்வால் வந்த பாதிப்புக்குப் பெரும்பாலும் 6 முதல் 12 அமர்வுகள் திட்டமிடுவோம். சிறு வயதிலிருந்தே தொடர்ந்து துன்பம் அனுபவித்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

கண்ணை அசைப்பது சிரமமானால், இரு கைகளையும் மார்பின் குறுக்கே வைத்துத் தோள்களை மாறிமாறித் தட்டிக்கொள்ளும் முறையும் உண்டு. பட்டாம்பூச்சி அணைப்பு என்பார்கள். 1997-இல் மெக்சிகோவின் அகாபுல்கோ நகரைப் பவுலின் புயல் தாக்கிய பின், அங்கே குழந்தைகளோடு பணியாற்றிய லூசினா ஆர்த்திகாஸ் உருவாக்கியது. புயலிலும் வெள்ளத்திலும் பிழைத்தவர்களுக்காகவே பிறந்த முறை என்பதால் உங்களிடம் குறிப்பிடத் தோன்றியது.

மாத்திரையைப் பற்றி: தூக்க மாத்திரையாகவோ பதற்ற மாத்திரையாகவோ எழுதப்படும் சில வகைகளை நாளடைவில் உடம்பு பழகிக்கொள்ளும், திடீரென நிறுத்தினால் பதற்றம் இரட்டிப்பாகத் திரும்பும். என்னைப் போன்ற உளவியலாளர்களுக்கு மருந்து எழுதும் உரிமை கிடையாது, நிறுத்தச் சொல்லும் உரிமையும் கிடையாது. சீட்டை எடுத்துக்கொண்டு ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. இரவில் திடீரென்று தாங்க முடியாமல் போனால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணான 14416-இல் இருபத்துநாலு மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

பதில் 3: ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார்

இந்தச் சிகிச்சையில் குணமடைந்தவர்களை மறுக்க நான் வரவில்லை. லாரிக்கார அண்ணாச்சி எழுதியதைப் படித்துவிட்டு யாரும் மறுக்கவும் முடியாது. இருந்தாலும் எது நிறுவப்பட்டது, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்வது அந்தச் சகோதரிக்கு உதவும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இத்தகைய பாதிப்புக்கு இரண்டு உளச்சிகிச்சைகளைப் பரிந்துரைத்தது. ஒன்று எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றிக்கொள்ளப் பயிற்றும், அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, மற்றொன்று இ.எம்.டி.ஆர். அமெரிக்க உளவியல் சங்கம் 2017-இல் முன்னதை வலுவாகவும் பின்னதை நிபந்தனையோடும் பரிந்துரைத்தது. ஆகவே சிகிச்சை பலனளிக்கிறதா என்பதில் பெரிய சந்தேகமில்லை. கண் அசைவதால்தான் பலனளிக்கிறதா என்பதில்தான் இன்னும் வழக்கு தீரவில்லை. நினைவைப் பாதுகாப்பான இடத்தில் மறுபடி எதிர்கொள்வதே மருந்து, விரல் வெறும் அலங்காரம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. நெதர்லாந்தில் செய்த ஆய்வுகள் இடைப்பட்ட ஒரு விளக்கத்தைத் தருகின்றன. நம் நினைவின் பணிமேசை சிறியது. அதன் மேல் ஒரு கொடிய காட்சியை வைத்துக்கொண்டே இன்னொரு வேலையும் செய்யச் சொன்னால் காட்சிக்குக் கிடைக்கும் இடம் குறைந்து அது மங்கிப்போகிறது. எண்களைப் பின்னோக்கிக் கழித்துக்கொண்டு போனாலும் ஏறக்குறைய அதே விளைவு வருகிறது. என் மாணவர்களுக்குக் கணக்குப் போடும்போது வீட்டுக் கவலை மறந்துபோனதன் ரகசியம் இதுவாக இருந்திருக்கலாம்.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. ‘உடல்வழி உளச்சிகிச்சை’ என்ற பெயர்ப்பலகையின் கீழ் இன்று எல்லாமே விற்கப்படுகின்றன. உடம்பில் எழும் உணர்வுகளைக் கவனித்தே செய்யும், பீட்டர் லெவின் வகுத்த உடலுணர்வு முறைக்கு 2017-இல் இஸ்ரேலில் 63 பேரைக் கொண்டு செய்த ஆய்வு நல்ல முடிவு தந்தது. பாஸ்டனில் 64 பெண்களிடம் செய்து 2014-இல் வெளிவந்த ஆய்வில், பத்து வாரம் யோகா செய்தவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் நோய்க்குரிய வரையறையிலிருந்தே வெளியே வந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவில் ஐந்தில் ஒரு பங்கினர் மட்டுமே அப்படி வந்தார்கள். நம்பிக்கை தரும் முடிவுகள்தாம், ஆனால் அறுபது சொச்சம் பேர்தான். இவ்வளவு சிறிய அடித்தளத்தின் மேல் ‘துக்கம் இடுப்பில் தங்கியிருக்கிறது, மூன்றே நாள் முகாமில் வெளியேற்றுகிறோம்’ என்று ஒருவர் விளம்பரம் செய்கிறார். இடுப்பெலும்பைப் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்டியவன் நான். அதில் துக்கம் தங்கும் அறை எதையும் குறித்ததில்லை.

எனவே சகோதரி, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் அவர் மருத்துவ உளவியலாளராகப் பதிவு செய்திருக்கிறாரா, இந்த முறையில் எத்தனை நாள் பயிற்சி பெற்றார் என்ற இரண்டையும் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் போகாதீர்கள்.

பதில் 4: பாளையங்கோட்டை உளவியல் பணியாளர்

ஐயா சொன்ன எச்சரிக்கையோடு முழுமையாக உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். உடலைத் தொட்டுச் செய்யும் எந்த முறையிலும் ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்க வேண்டும். போன வாரம் சம்மதித்தீர்கள் என்பது இந்த வாரத்துக்கும் சேர்ந்த சம்மதம் ஆகாது. இ.எம்.டி.ஆர். செய்யத் தொடுதலே தேவையில்லை.

‘விரல் வெறும் அலங்காரம்’ என்பதில் எனக்குச் சிறு மனத்தாங்கல் உண்டு. ஆனால் அந்த வழக்கை நானும் ஐயாவும் ஒரு கருப்பட்டிக் காபியோடு தனியாக நடத்திக்கொள்ளலாம். இந்தச் சகோதரிக்கு மழைக்காலம் நெருங்குகிறது.

பதில் 5: அம்பாசமுத்திரத்து ஆச்சி

என் பேத்தி தட்டச்சு செய்கிறாள், நான் சொல்கிறேன். எனக்கு வயது 68.

மந்திரிப்பதைப் பற்றி நீ எழுதியிருந்தாய், மகளே. அதைக் கொஞ்சம் பேச வேண்டும். 1992 நவம்பரில் இதே ஆறு பெருகியபோது என் இளைய மகனுக்கு ஆறு வயது. என் கையைப் பிடித்திருந்தவன் நழுவி, பத்தடி தள்ளி ஒரு வேலிக்கம்பியில் சிக்கிக்கொண்டான்; ஆள்கள் இறங்கி மீட்டார்கள். பிள்ளை பிழைத்துவிட்டான், இன்று அவனுக்கே இரண்டு பிள்ளைகள். ஆனால் அன்றிலிருந்து எனக்கு வலது உள்ளங்கை மரத்துப்போகும். பயந்த கோளாறு என்று என் மாமியார் திருநீறு போட்டார்கள். ஒரு பள்ளிவாசலில் ஓதிய தண்ணீரும் வாங்கிக் கொடுத்தார்கள். அடுத்த கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சுடலைமாடன் முன்னால் நிறுத்தினார்கள். மேளம் உச்சத்துக்குப் போனபோது என் உடம்பு தானாக நடுங்கி, நான் வாய்விட்டுக் கதறினேன். பெண்கள் நாலு பேர் என்னைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்கள். அதன்பின் இரண்டு மாதம் நிம்மதியாகத் தூங்கினேன் என்பது உண்மை. மறுபடி அந்த மரமரப்பு வந்துவிட்டது என்பதும் உண்மை. முப்பத்தோரு வருஷம் நான் படித்துறையில் கால் நனைக்கவில்லை. ஆற்றங்கரையில் வாக்கப்பட்டுவிட்டு வீட்டுக் குழாயில் குளித்தவள் நான்.

2023 வெள்ளத்துக்குப் பிறகு எல்லாம் புதிதாகத் தொடங்கியது. பேத்திதான் பிடிவாதமாக ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள், அங்கிருந்து ஆற்றுப்படுத்தும் பெண்ணிடம் அனுப்பினார்கள். கொடையைப் பற்றிச் சொன்னால் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. ‘அன்று சுற்றி நின்ற நாலு பேர் யார் யார், ஆச்சி?’ என்று பெயர் கேட்டாள். அதில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். அவர்களை நினைத்துக்கொண்டே அந்த மழை நாளைச் சொல்லச் சொன்னாள். எனக்குக் கண்ணில் புரை அறுத்திருந்ததால் விரலெல்லாம் காட்டவில்லை. இரண்டு முழங்காலிலும் மாறிமாறித் தட்டச் சொன்னாள். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, உள்ளங்கையில் அவன் விரல் நழுவிய அந்த வழுக்கல் வந்தது. அதோடு நிற்காமல் அடுத்ததும் வந்தது: மீட்டுக் கொண்டுவந்த பிறகு அவன் அதே கையைப் பிடித்து இழுத்து, பசிக்கிறது என்று கேட்டது. அது எனக்கு மறந்தே போயிருந்தது. நழுவியது மட்டும் முப்பத்தோரு வருஷமாகக் கையில் இருந்தது, திரும்பி வந்து பிடித்தது இல்லை.

உன் அண்ணனிடம் சொல்: மந்திரிப்பதிலும் உடம்பை விட்டுவிட்டுச் செய்வதில்லை. சாம்பலும் தண்ணீரும் வேப்பிலையும் உடம்பின் மேல்தான் படுகின்றன. ஆனால் அங்கே என்ன நடந்தது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. இங்கே கேட்டார்கள், என் வேகத்துக்கு நடந்தார்கள். தை பிறந்ததும் பேத்தியோடு போய்ப் படித்துறையில் மூன்று படி இறங்கினேன். நாலாவது படிக்கு இன்னும் போகவில்லை.

பதில் 6: ஆற்றங்கரைத் தையல்காரி

உடனே பதில் எழுத முடியாமல் ஆறு வாரம் ஆகிவிட்டது, மன்னியுங்கள். லாரிக்காரத் தம்பி, உளவியல் துறைச் சகோதரி, வாத்தியார் ஐயா, ஆச்சி என்று எல்லோருக்கும் நன்றி.

வாத்தியார் ஐயா சொன்ன இரண்டு கேள்விகளையும் கேட்டேன். அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. பதிவுச் சான்றிதழையே எடுத்துக் காட்டி, எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். மாத்திரைக்கு ஹைகிரவுண்டு போனேன். அங்கே பார்த்த மருத்துவர் அளவைப் பாதியாக்கி, மூன்று வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்.

நிலைப்படுத்தும் அமர்வு ஒன்றின்போது நடந்ததைச் சொல்ல வேண்டும். மழையின் ஓசையைக் கைப்பேசியில் மிக மெதுவாக வைத்துவிட்டு, உடம்பில் எந்த இடம் கொஞ்சமாவது நன்றாக இருக்கிறதென்று பார்க்கச் சொன்னார். அப்படி ஓர் இடம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தேடிக்கொண்டிருக்கும்போது அவர் என் கால்களைப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். செருப்பைக் கழற்றி வைத்திருந்த இரண்டு பாதங்களும் குதிகாலும் நுனியுமாகத் தரையை மிதித்துக்கொண்டிருந்தன. எந்திரம் ஓட்டும் மிதி. 24 வருஷமாக மிதிக்கிற மிதி. விறைத்துப்போகும் என்று நான் புகார் சொன்ன அதே கால்கள்தாம். நிறுத்த வேண்டாம், வேகத்தை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இப்போது தூறல் தொடங்கினால் நூல் கோக்காமல், துணியும் வைக்காமல், வெறும் எந்திரத்தை ஐந்து நிமிடம் ஓட்டுகிறேன். அம்மாவுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது.

கண்ணசைவு மூன்று தடவை முடிந்திருக்கிறது. உளவியல் துறைச் சகோதரியின் ஊகம் சரிதான். காட்சி என்று கேட்டதும் வந்தது கயிறுதான், தண்ணீர் வரவில்லை. முதல் நாள் கடுமை ஒன்பது என்று சொன்னேன், போன வாரம் ஆறு. இரண்டாவது தடவைக்குப் பிறகு லாரிக்காரத் தம்பி எச்சரித்தபடியே மூன்று இரவு தூக்கமில்லை. அண்ணன்தான் வண்டியில் அழைத்து வந்தார். வழியில் ஒன்றும் பேசவில்லை. முறப்பநாடு தாண்டியதும், அந்த ஆடுகளில் இரண்டைச் சித்திரைக் கொடைக்கென்று வளர்த்தவர் தனக்குத் தெரிந்தவர் என்றும், அவரும் அதற்குப் பிறகு ஆடு வளர்க்கவில்லை என்றும் சொன்னார். அந்த வீட்டுக்காரரிடம் இதுவரை நான் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அம்மாவும் அதே தட்டட்டியில்தான் இருந்தார். அவர் நன்றாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார், மழையைப் பற்றிப் புகார் சொல்வதில்லை. ஆனால் அந்த நாளிலிருந்து அரிசிப் பானையையும் ரேஷன் அட்டையையும் தட்டட்டிப் படிக்கட்டின் மேல்படியில்தான் வைக்கிறார். கீழே இறக்கி வைத்தால் இரவோடிரவாக மேலே ஏறிவிடுகின்றன. அவரையும் ஒரு தடவை அழைத்துப் போக வேண்டுமா, அல்லது பானை அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டுமா?

பதில் 7: பாளையங்கோட்டை உளவியல் பணியாளர்

சாப்பாடும் தூக்கமும் சரியாக இருந்து, அவருக்கு அது தொந்தரவாகவும் இல்லையென்றால் பானை அங்கேயே இருக்கட்டும். ஆற்றங்கரை வீட்டில் அரிசியை மேல்படியில் வைப்பதை நான் நோயென்று எழுத மாட்டேன். இரவில் எழுந்து பானையைத் தொட்டுப் பார்ப்பது கூடிக்கொண்டே போனாலோ, உங்களைக் கீழே தூங்க விடாமல் செய்தாலோ அழைத்து வாருங்கள். அதுவரை, பானையை ஏற்றும்போது ஒரு கை கொடுத்து, அந்த இரவில் அவர் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். சொல்ல விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள்.